மறைவிடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி

சகோதரிகளே, கூச்சப்படாமல் படியுங்கள். வீட்டில் வயதான அம்மா இருந்தால் வாசித்தும் காட்டுங்கள்.

தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களில் உண்டாகும் புற்றுநோய்க்கு மெலனோமா என்று பெயர். அது வெயிலில் காயும் வெள்ளைக்காரருக்குத்தான் வரும் என்பார்கள். ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது. 1981-இல், 36 வயதில் இறந்துபோனார். வெயிலே படாத இடத்திலும் இது வரும்; பெண்களின் பிறப்புறுப்பின் வெளிப்புறத்திலும் உட்புறத்திலும் வரும். அபூர்வமான நோய்தான். பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பின்னரே தாக்குகிறது.

பயந்துவிட வேண்டாம், அங்கே தோன்றும் கரும்புள்ளிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் புள்ளி பெரிதானால், ஓரம் ஒழுங்கற்றுப் போனால், அரித்தால், ரத்தம் கசிந்தால் காட்டியே ஆகவேண்டும். கறுப்பே இல்லாமல் சிவந்த கட்டியாகவும் சில வருவதுண்டு. மாதவிலக்கு நின்றவருக்கு ஒரு துளி ரத்தம் பட்டாலும், 'உடம்புச் சூடு' என்று வெந்தயத் தண்ணீர் குடித்து நாளைக் கடத்தாதீர்கள்.

'பாப் ஸ்மியர் எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள்' என்று இருந்துவிடவும் கூடாது. அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை. 2010 முதல் நம் பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போடும் ஊசியும் அதற்கே. இந்தப் புள்ளியை நீங்கள்தான் சொல்லிக் காட்டவேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்கலாம், தவறே இல்லை. அங்கிருந்து கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ கடிதம் தருவார்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை கிட்டத்தில் உண்டு.

அங்கே சிறு சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். இங்கேதான் நம்மவர்கள் பின்வாங்குகிறார்கள். கத்தி பட்டால் நோய் பரவும் என்று லயத்துக்கு லயம் சொல்கிறார்கள். அது வீண் பேச்சு. சதையைச் சோதிக்காமல் இந்த நோயை உறுதிசெய்ய வழியில்லை. எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும் அதில்தான் அளப்பார்கள். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நம்பிக்கை அதிகம். ஆழம் கூடக் கூடக் கஷ்டம்.

முன்பெல்லாம் உறுப்பு முழுவதையும், தொடையிடுக்கு நெறிகளோடு வெட்டி எடுத்தார்கள். முடிந்தவரை கட்டியையும் சுற்றியுள்ள சிறிது நல்ல சதையையும் மட்டும் எடுப்பதே இப்போதைய வழக்கம். நோய் முதலில் எட்டக்கூடிய நெறியை மட்டும் எடுத்துப் பார்ப்பதும் உண்டு. பரவிவிட்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிடும் மருந்துகள் இருக்கின்றன. அதற்கு வழிகாட்டிய ஆராய்ச்சிக்கு 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லோருக்கும் அவை பலிப்பதில்லை, விலையும் அதிகம்.

பண உதவிக்கு மருத்துவமனையின் சமூகநலப் பிரிவை நாடுங்கள். சொக்சோ சந்தா கட்டியவர் 60 வயதுக்குள் நோயால் வேலை செய்ய முடியாமற்போனால், இயலாமை ஓய்வூதியம் கிடைக்குமா என்று கேட்கவேண்டும். சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.