வழி சொல்லும் பெட்டி

சென்ற வருடம் உம்மும்மாவின் கண்புரைக்காக கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் காலை எட்டு மணிக்கு எமக்குத் திகதி கிடைத்திருந்தது. குருநாகலிலிருந்து விடியுமுன்னரே புறப்பட்டோம். வாப்பாவுக்குக் கொழும்புக்குப் போகும் பாதை தெரியும். கொழும்புக்குள் இருக்கும் பாதைகள் தெரியாது. ஒருவழிப் பாதைகளில் சுற்றி, ஒரே சுற்றுவட்டத்துக்கு இரண்டு தடவை வந்து சேர்ந்தோம். நாங்கள் போய்ச் சேரும்போது மணி பத்தாகிவிட்டது. அன்றைய இலக்கங்கள் முடிந்திருந்தன. "பரவாயில்ல மகன், அடுத்த மாசம் வருவோம்" என்று உம்மும்மா சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் வாப்பா எதுவும் பேசவில்லை.

அடுத்த வாரமே வாப்பா புறக்கோட்டையில் ஒரு பழைய ஜீ.பி.எஸ் கருவியை வாங்கி வந்தார். ஐந்து அங்குலத் திரை, கண்ணாடியில் ஒட்டும் தாங்கி, மின்னேற்றும் வயர், அவ்வளவுதான். ஒரு புதிய கைத்தொலைபேசியின் விலையில் கால்வாசிகூட இல்லை. "இவ்வளவு மலிவான சாமான் சரியாக வழி சொல்லுமா?" என்று உம்மா கேட்டார். உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள் என்பதால் பதில் தேடும் பொறுப்பு என்மீது விழுந்தது.

நான் அறிந்துகொண்டதை ஓர் எளிய உதாரணத்தோடு சொல்கிறேன். மின்னல் வெட்டியதும் நாம் எண்ணத் தொடங்குகிறோம். மூன்று செக்கன்களின் பின் இடி கேட்டால் மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் வெட்டியிருக்கிறது. எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தை அறியும் இதே கணக்கையே இந்தக் கருவியும் செய்கிறது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஜீ.பி.எஸ் செய்மதிகள் சுற்றுகின்றன. முதலாவது செய்மதியை அமெரிக்கா 1978 இல் ஏவியது. உலகம் முழுவதற்கும் சேவை வழங்கக் குறைந்தது 24 செய்மதிகள் தேவை. ஒவ்வொன்றும் "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இன்னது" என்று ஓயாமல் வானொலி அலைகளில் அறிவிக்கின்றது. அந்த அலை வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணிக்கிறது.

அலை ஒளியின் வேகத்தில் வருவதால், ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். அதனால்தான் செய்மதிகளில் மிகவும் விலையுயர்ந்த அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. எமது கருவியிலோ சாதாரண கைக்கடிகாரத்தில் உள்ளது போன்ற கடிகாரமே இருக்கிறது. மூன்று செய்மதிகள் இடத்தைச் சொல்லப் போதும். நான்காவது செய்மதி இந்த மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்தவே தேவைப்படுகிறது. செலவான வேலை முழுவதும் வானத்தில் நடக்கிறது. கருவி கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கிறது. அதற்கு சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம், மாதக் கட்டணமும் இல்லை.

ஆகவே மலிவு என்பது குறையல்ல. குறை வேறோர் இடத்தில் இருந்தது.

அடுத்த திகதிக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை பார்க்கக் கிளம்பினோம். குருநாகலிலிருந்து மீரிகம வரையான அதிவேக நெடுஞ்சாலையில் ஏறியதும் கருவி தடுமாறியது. திரையில் எமது வேன் பாதையே இல்லாத வெளியில் மிதந்தது. "திரும்பிச் செல்லவும்" என்று ஆங்கிலத்தில் மீண்டும் மீண்டும் சொன்னது. அதிவேக நெடுஞ்சாலையில் எங்கே திரும்புவது? வாப்பா சத்தத்தை நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அந்தப் பாதை திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். கருவிக்குள் இருந்த வரைபடம் அதற்கு முந்தியது. நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதைக் கருவி சரியாகவே அறிந்திருந்தது. அங்கே ஒரு பாதை இருப்பதைத்தான் அறியவில்லை. இடத்தைச் சொல்வது செய்மதி, பாதையைச் சொல்வது வரைபடம். இரண்டும் வேறு வேறு. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் வரைபடத்தை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் இலவசமாக உருவாக்கி வருகிறார்கள். எமது கருவி அதை ஏற்கும் வகை என்பதால் நானாவும் நானும் ஓரிரவு கணினியில் இருந்து புதிய இலங்கை வரைபடத்தை நினைவக அட்டையில் ஏற்றினோம். எல்லாக் கருவிகளும் இதை ஏற்கமாட்டா.

எனவே வாங்கப்போகும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். விலையைக் கேட்பதற்கு முன், உள்ளே இலங்கை வரைபடம் இருக்கிறதா, அது எந்த ஆண்டுக்குரியது, புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். கடைக்கு வெளியே எடுத்துச்சென்று வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். பழைய கருவிகளில் மின்கலம் சோர்ந்திருக்கும்; வாகனத்தில் செருகிப் பரீட்சித்து வாங்குங்கள்.

பாவிக்கும்போதும் சில விடயங்கள் உண்டு. புதிதாக வாங்கிய கருவியை முதல் தடவை திறந்த வெளியில் சில நிமிடங்கள் வைத்திருங்கள். செய்மதிகளைக் கண்டுபிடிக்க அதற்கு அவகாசம் வேண்டும். போகுமிடத்தைப் புறப்படுமுன்னரே பதியுங்கள். ஓடும்போது தட்டுவது ஆபத்து. சாரதியின் பார்வையை மறைக்காமல் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் பொருத்துங்கள். "குறுகிய தூரம்" என்பதைத் தெரிவு செய்யாமல் "விரைவான பாதை" என்பதைத் தெரிவு செய்யுங்கள். நாங்கள் முதலாவதைத் தெரிவு செய்து ஒருமுறை வயல் வரம்பு போன்ற ஒழுங்கைக்குள் மாட்டிக்கொண்டோம். "வீடு" என்ற இடத்தில் உங்கள் வீட்டைப் பதியாமல் அருகிலுள்ள சந்தியைப் பதியுங்கள். கருவி களவு போனாலும் வீட்டின் வழி களவு போகாது.

குறித்த நாளில் நான் முன்னாசனத்தில் இருந்து கருவியைக் கவனித்துக்கொண்டேன். கடைசித் திருப்பத்தில் கருவி வலது பக்கம் போகச் சொன்னது. அங்கே உட்செல்லத் தடை என்ற பலகை நின்றது. வாப்பா பலகைக்கே கட்டுப்பட்டார். ஓரமாக நிறுத்தி ஒரு முச்சக்கரவண்டிக்காரரிடம் கேட்டோம். "அடுத்த சந்தியால போங்க" என்றார். ஏழேகாலுக்கு வாசலில் நின்றோம். எமக்குக் கிடைத்த இலக்கம் பன்னிரண்டு.

இப்போது உம்மும்மாவின் கண் தெளிந்துவிட்டது. வேனில் போகும்போது கருவி வாய் திறக்குமுன் வீதிப் பலகைகளில் உள்ள ஊர்ப் பெயர்களை உரத்து வாசிக்கிறார். வாப்பா கருவியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்.