புயலும் புனரமைப்பும்: இலங்கை மலையகத்திற்கு வரும் பிறநாட்டு உதவி

புயலால் சிதைந்த நாட்டிற்கு அயல்நாட்டு அரசுகள் வழங்கும் பொருளனைத்தும் 'உதவி' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்பெறுகின்றது. நன்கொடையும் அதனுள் அடங்கும். வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டிய கடனும் அடங்கும். எனவே, அறிவிக்கப்படும் மொத்தத் தொகையைக் கொண்டு உதவியின் அளவை மதிப்பிடுதல் பொருந்தாது.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய 'டித்வா' புயலில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா முதலிய மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவே பேரழிவை விளைவித்தது. நேரடிச் சேதம் ஏறத்தாழ 4.1 பில்லியன் அமெரிக்க டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா 450 மில்லியன் டாலர் உதவியை அறிவித்தது. அதில் நன்கொடை 100 மில்லியன். எஞ்சிய 350 மில்லியன் சலுகைக் கடன். 2022இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்ற நாடு இலங்கை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

நன்கொடை செயற்படும் முறைக்கு இந்திய வீடமைப்புத் திட்டம் தக்க சான்றாகும். 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் பெரும்பகுதி போரால் அழிந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு உரியது. அங்குப் பயனாளியின் வங்கிக் கணக்கில் தவணை முறையில் பணம் செலுத்தப்பட்டது. அவரே தம் நிலத்தில் வீட்டை எழுப்பினார். மலையகத்திற்கு ஒதுக்கப்பட்டவை 4,000 வீடுகள். 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. எனினும், வடக்கின் முறையை அவ்வாறே மலையகத்திற்குக் கொண்டு செல்ல இயலவில்லை. தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த நிலம் இன்மையே காரணம்.

தேயிலைத் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. லயத்தில் தலைமுறைகளாக வாழ்வோர் இவ்விரு மாற்றங்களாலும் நிலவுரிமை பெற்றாரில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது வேலையோடு வீட்டையும் இழந்த நம் செமினி வட்டாரத்தாருக்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மலையகத்திலோ இதன் விளைவு உயிரிழப்பாகவே முடிகின்றது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அச்சரிவின் அபாயம் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் இடம்பெயர்ந்து குடியேற மாற்று நிலம் வேண்டுமன்றோ?

ஆதலின், பாதுகாப்பான நிலத்தை அளந்து உறுதிப்பத்திரத்துடன் குடும்பங்களுக்கு வழங்குவதை நன்கொடை உடன்படிக்கையிலேயே முன்நிபந்தனையாகச் சேர்த்தல் வேண்டும். கடன் வழங்கும் அரசுகள், பொருள்களைத் தம் நாட்டு நிறுவனங்களிடமே வாங்குமாறு நிபந்தனை விதிப்பது வழக்கமே. அவ்வாறிருக்க, நன்கொடை வழங்கும் அரசு பயனாளிக்காக இதனைக் கேட்பது அயல்நாட்டுத் தலையீடு ஆகாது.