நான்கு ஏக்கருக்கு எத்தனை குதிரை?

சிறு நிலத்துக்குப் பெரிய டிராக்டரா, சின்ன டிராக்டரா? சாந்திபுரம் பக்கத்தில் இந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் பல வருடம் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

பலமனேரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையில், குப்பத்துக்கு முன்னால் வருகிறது சாந்திபுரம். சித்தூர் மாவட்டத்தின் இந்த மூலைக்கு ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் தமிழ்நாடு. சந்தையில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் கேட்கும். இந்த மண்டலத்திலுள்ள சிவபுரத்தில்தான் சந்திரபாபு நாயுடு வீடு கட்டி 2025 மே மாதம் குடிபுகுந்தார். மழையை நம்பிய செம்மண்ணில் ராகியும் நிலக்கடலையும், போர்வெல்லில் தண்ணீர் இருக்கும் இடத்தில் தக்காளி, முட்டைக்கோஸ், பூ, பட்டுப்புழுவுக்கு மல்பெரி என்பதுதான் இங்கே விவசாயம். மாடுகள் இப்போது பாலுக்கு. உழவுக்கு டிராக்டர்.

ஆனால் எந்த டிராக்டர்? ஷோரூம் வாசலில் இரண்டு ரகம் நிற்கிறது. ஒன்று, எல்லோருக்கும் பழக்கமான 35 முதல் 40 குதிரைசக்தி வண்டி. எடை ஏறக்குறைய 1,700 கிலோ. அகலம் ஐந்தரை அடி. மற்றது 15 முதல் 25 குதிரைசக்தி வரையிலான மினி டிராக்டர். ஒரு டன்னுக்குள் எடை, மூன்று நான்கு அடி அகலம். முதலாவதை வாங்கினால் ஊரில் மதிப்பு. இரண்டாவதை வாங்கினால் "பொம்மை வண்டியா?" என்று கேலி.

சின்ன டிராக்டர் புதிய சரக்கு அல்ல. 1959இல் ஃபரிதாபாத்தில் ஐஷர் நிறுவனம் உள்நாட்டில் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கியது. 1960இல் சென்னையில் டாஃபே பிறந்தது. 1974இல் பஞ்சாப் டிராக்டர்ஸ் வெளியிட்ட ஸ்வராஜ் 724இன் சக்தி வெறும் 26.5 குதிரைதான். துர்காபூர் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிலையத்தில் உருவான இந்திய வடிவமைப்பு அது. அன்று அதுவே போதுமானதாக இருந்தது. பின்னர் ரோட்டவேட்டரும் பெரிய டிரெய்லரும் வந்தன, சக்தி ஏறிக்கொண்டே போனது. 2022-23இல் நாட்டில் விற்ற டிராக்டர்கள் ஒன்பது லட்சத்துக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை 30 குதிரைசக்திக்கு மேற்பட்டவை.

டிராக்டர் வளர வளர நிலம் சுருங்கியது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு விவசாயியின் சராசரி நிலம் இந்தியாவில் 1.08 ஹெக்டேர். ஆந்திரத்தில் 0.94. தமிழ்நாட்டில் 0.75. அதாவது ஆந்திரத்தின் சராசரி விவசாயியிடம் இரண்டரை ஏக்கர்கூட இல்லை.

சராசரியைவிடக் கொஞ்சம் வசதியான ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் நான்கு ஏக்கர். இரண்டில் போர்வெல் பாசனம், வருடத்துக்கு இரண்டு போகம். இரண்டு மானாவாரி, ஒரு போகம். ஆக ஆறு ஏக்கர் சாகுபடி. ஒன்பது கொத்துக் கலப்பையில் இரண்டு ஓட்டு, ரோட்டவேட்டரில் ஒரு ஓட்டு என்று ஏக்கருக்கு நான்கு மணி நேரம் தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 24 மணி. எரு அடிப்பது, விளைச்சல் ஏற்றுவது எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்கினால் 50 மணிக்குள். டிராக்டருக்கு ஆண்டுக்கு 1,000 மணி வேலை என்று வைத்துத்தான் வேளாண் பொறியாளர்கள் வழக்கமாகக் கணக்குப் போடுகிறார்கள்.

வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்று கொண்டால் அந்த 50 மணிக்குச் செலவு 50,000. சொந்த வண்டிக்கு ஆறு லட்சம் கடன், வட்டி பத்து சதவீதம் என்றால் முதல் வருட வட்டியே 60,000. ஐந்து வருடத்தில் அடைக்க வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் தவணை. இந்த நிலத்தின் உழவை மட்டும் நம்பி பெரிய டிராக்டர் வாங்கினால் கணக்கு உதைக்கிறது.

பிறகு ஏன் வாங்குகிறார்கள்? காரணம் மழை. ஒரு நல்ல மழை பெய்தால் ஈரம் காய்வதற்குள் நிலக்கடலை விதைத்தாக வேண்டும். அந்த நாலு நாளில் ஊரில் எல்லோருக்கும் டிராக்டர் வேண்டும். வாடகை வண்டி வரிசைப்படிதான் வரும். தாமதமாகும் விதைப்பின் நஷ்டம் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை, ஆனால் மகசூலில் தெரிகிறது.

இன்னொரு காரணம், வாங்கிய வண்டியை வாடகைக்கு விடலாம் என்ற நம்பிக்கை. இது வெறும் கனவல்ல. டீசல், டிரைவர் போக மணிக்கு 500 ரூபாய் நின்றால், தவணையை எடுக்க வருடத்துக்கு 300 மணிக்கு மேல் வெளியே ஓட வேண்டும். பக்கத்தில் ஏற்கெனவே பத்து டிராக்டர் நிற்கும் ஊரில் அந்த மணிகள் கிடைக்குமா என்பதைக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டும். ஓட்டத் தெரிந்த ஆள் வீட்டில் இருந்தால் டிரைவர் சம்பளம் மிச்சம். வாடகைத் தொழில்தான் நோக்கம் என்றால் பெரிய வண்டியே சரி. ஐந்தடி ரோட்டவேட்டரையும் லோடு ஏற்றிய டிரெய்லரையும் 18 குதிரைசக்தி இழுக்காது.

சின்ன டிராக்டரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. உழவில் அது மெதுவானது. மூன்றடி ரோட்டவேட்டரோடு ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் எடுக்கும். ஆனால் பயிர் வளர்ந்த பிறகும் அது நிலத்துக்குள் போகும். மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் சிபாரிசு செய்யும் இணைவரிசை மல்பெரி நடவில் ஒரு இடைவெளி மூன்றடி, அடுத்தது ஐந்தடி. ஐந்தரை அடி வண்டிக்கு அங்கே வழியில்லை. நான்கடி வண்டி தாராளமாகப் போகும். களையெடுப்பு, மண் அணைப்பு, மருந்து தெளிப்பு என்று ஆள் கிடைக்காத வேலைகளைச் செய்யும். தக்காளி, பூ, மாந்தோப்புக்கும் இதுதான் கதை. உழவுக்கு வருடத்தில் சில நாள்தான் வேலை என்றாலும், வரிசைக்குள் மாதாமாதம் வேலை உண்டு. ஈரமான நிலத்தில் கனத்த வண்டி திரும்பத் திரும்ப ஓடி அடிமண்ணை இறுக்கிவிடும் தொல்லையும் குறைவு.

ஆனால் விலையும் பாதியாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நான்கு சக்கரமும் இயங்கும் 24 குதிரைசக்தி மாடல்கள் பல, சாதாரண 35 குதிரைசக்தி வண்டியின் விலையை நெருங்குகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமானது இரண்டு ரகத்துக்கும் பொதுவான ஆறுதல். பழைய வண்டியாக விற்கும்போது எல்லோருக்கும் தெரிந்த பெரிய மாடல்களுக்கே சீக்கிரம் ஆள் கிடைக்கிறது.

பெரிய இயந்திரமும் சிறு நிலமும் சந்திப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1990களின் பிற்பகுதியில் நாயுடு முதல்முறை முதல்வராக இருந்தபோது, குப்பத்தில் இஸ்ரேல் தொழில்நுட்பத்தோடு ஒரு திட்டம் வந்தது. சிறு நிலங்களின் வரப்புகளை எடுத்து ஒன்றாக்கி, இயந்திர உழவும் சொட்டுநீரும் கொண்டுவந்தார்கள். பாராட்டும் எதிர்ப்பும் சம அளவில் எழுந்தன. சேர்ந்த நிலங்கள் அப்படியே நீடிக்கவில்லை. தங்கியது சொட்டுநீர்.

தவறான தேர்வின் விலை வெறும் பணமல்ல. 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில், டிராக்டர் கடன் தவணை பாக்கிக்காக ஒரு விவசாயியை வயலிலேயே போலீசார் அடித்து இழுத்துச் சென்ற காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஒரு காலத்தில் எட்டு ஏக்கர் பாசன நிலம் இருந்தால்தான் வங்கிகள் டிராக்டர் கடன் கொடுத்தன. அந்த விதி தளர்ந்தது சிறு விவசாயிக்கு நல்லது. கூடவே கணக்குப் போடும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 2014-15இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம், வாடகை மையங்களுக்கு மானியத்துக்கு வழி செய்தது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெரிய டிராக்டர் வாங்கினால் ஓடும் மணியும் கூடும், தவணையும் பிரியும். மழை பெய்த மறுநாள் முதல் உழவு யாருக்கு என்பதை மட்டும் வாங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

முடிவு எளிது. மானாவாரி ராகியும் கடலையும் மட்டும் என்றால் வாடகை. மல்பெரி, காய்கறி, தோப்பு என்றால் சின்னது. வெளியே 300 மணி உறுதி என்றால் பெரியது. ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போய் வரிசை இடைவெளியை அளந்துவிடுவது நல்லது.