தாமிரபரணி மண்ணடியில் ஒரு கடற்கரை

மலையருகே பெருங்கற்களும், தொலைவில் சிறுகற்களும், கடலருகே மணலும் படிந்திருப்பதைக் கண்ட அல்பிரூனி (ரஹ்), இந்தியச் சமவெளி முன்னொரு காலத்தில் கடலாயிருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என முடிவு செய்தார். 1030-ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய 'கிதாபுல் ஹிந்த்' நூலில் இது காணப்படுகிறது.

இவ்வுண்மைக்குத் தாமிரபரணியின் கழிமுகமும் சான்று. முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கைத் துறை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கும் பழைய காயலிலும் பேராயர் கால்டுவெல் அகழ்ந்தாய்ந்த செய்தி 1877-இல் வெளிவந்தது. மேலே ஆற்று வண்டல். சில அடி ஆழத்தில் கடல்மணலும் சிப்பிகளும் இறுகிய படிவம். அதாவது, ஆறு கொணர்ந்த மண்ணே கடலை விலக்கியது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. பின்னர் அதுவும் தூர்ந்தது.

ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்ததாக மார்க்கோ போலோ கூறும் காயல் இப்பழைய காயலே என்பது கால்டுவெல் கருத்து. சீன, அரபு மட்கல ஓடுகளை அவர் அங்கே கண்டெடுத்தார்.

ஆகவே, நம் முன்னோர் இறங்கிய துறையைத் தேடுவோர் இன்றைய அலைகளை நோக்குவதில் பயனில்லை. உழவுக்கும் உப்பளத்துக்கும் புரட்டப்படும் அந்நிலத்தையே, சான்றுகள் அழியுமுன் ஆராய வேண்டும்.