சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை

ராத்திரி ஷிப்ட் முடிந்து காய்ச்சலோடு வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்குகிறவருக்கு, டாக்டரைப் பார்த்தால் தூக்கமும் போகும், காசும் போகும். "அண்ணே, ஜுரத்துக்கு ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்பது சுலபம். கத்தரித்துத் தரும் அட்டையின் முதுகில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து. சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. அப்படிக் கோடு போட்ட ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களில் மருந்துக்குச் சாகாதவை மட்டும் மிஞ்சிப் பெருகும்.

அப்படி மிஞ்சியவை பெரிய நோயாக வரும்போது ஐ.சி.யு.வில் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஒதுக்கப்பட்டு, வேறு வழியில்லாமல் திரும்ப வந்த பெப்டைடு. அது எப்படிக் கொல்கிறது என்பதை ஆய்வுக்கூடங்களில் கொழுப்பு மூலக்கூறுகளால் செய்த மாதிரிச் சவ்வுகளில் பார்க்கிறார்கள். கொலிஸ்டினுக்கு நேர் மின்னூட்டம், பாக்டீரியாவின் வெளிச்சவ்வுக்கு எதிர் மின்னூட்டம். அந்தச் சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் அயனிகளைத் தள்ளிவிட்டுக் கொலிஸ்டின் அங்கே ஒட்டிக்கொள்கிறது. அதன் கொழுப்பு வால் உள்ளே நுழைய, சவ்வு குலைந்து செல் ஒழுகிச் சாகிறது. நம் செல்களின் வெளிப்புறத்தில் எதிர் மின்னூட்டம் மிகக் குறைவு.

பாக்டீரியா இதற்கும் மாற்று கண்டுவிட்டது. 2015இல் சீனாவில், பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிலும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு தெரியவந்தது. சவ்வின் எதிர் மின்னூட்டத்தை அது குறைத்துவிடுகிறது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. இந்த மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்கிறது. கோழித் தீவனத்தில் கலந்துவந்த கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. என்னைக் கேட்டால், தாமதமாக வந்த நல்ல முடிவு. பண்ணை வைத்திருப்பவர்கள், வாங்கும் தீவனக் கலவையில் கொலிஸ்டின் இருக்கிறதா என்று லேபிளைப் படித்துப் பாருங்கள்.

மெடிக்கல் ஷாப்புக்குத் திரும்புவோம். செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 பட்டியலில் இருப்பவை. 2014 மார்ச் 1 முதல், அவற்றை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுத்தால் 1915 என்ற தொலைபேசி எண்ணில் நுகர்வோர் புகார் செய்யலாம். சீட்டில்லாமல் விற்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். மாத்திரையால் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் முதலில் ஆஸ்பத்திரி. பிறகு மருந்துப் பக்கவிளைவுகளுக்கான 1800-180-3024 என்ற உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

டாக்டரே எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கைப் பயந்து தள்ளிப் போடாதீர்கள். எதற்கு, எத்தனை நாள் என்று கேளுங்கள். வீட்டில் ஒருவருக்குக் கொலிஸ்டின் ஏற்றுகிறார்கள் என்றால் கல்ச்சர் ரிப்போர்ட் என்ன சொல்கிறது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று விசாரியுங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் 2002இல் வகுத்த விதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம்.