ஒட்டுக் கன்றும் டி செல்லும்

என் தாத்தா பகாவ் வட்டாரத் தோட்டமொன்றில் ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவர். வேர் சாதாரண நாற்றினுடையது. பால் தருவதோ உயர்ரக மரத்திலிருந்து எடுத்து ஒட்டிய மொட்டு. பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவம் படிக்கும்போது, ஏறக்குறைய அதே வேலையை இரத்த அணுவிலும் செய்கிறார்கள் என்று அறிந்தேன்.

டி செல் என்பது நம் உடலின் காவல் அணு. மற்ற செல்கள் எச்.எல்.ஏ. என்னும் புரதத்தில் ஏந்திக் காட்டும் துணுக்குகளை, தன் மேலுள்ள ஏற்பியால் அது சோதிக்கிறது. புற்றுநோய் பல வேளைகளில் இந்தச் சோதனையில் தப்பிவிடுகிறது. அதனால் நோயாளியின் டி செல்களை எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும் ஏற்பிக்கான மரபணுவைச் செலுத்தி, பெருக்கி, மீண்டும் அவர் உடலில் ஏற்றுகிறார்கள். இவ்வகையில் முதல் சிகிச்சைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதி அளித்தது. சைனோவியல் சார்கோமா என்ற அரிய புற்றுநோய்க்கானது அது.

ஆனால், எச்.எல்.ஏ.-ஏ02 வகையின் சில பிரிவுகளைக் கொண்டவர்களுக்கே அது பொருந்தும். எச்.எல்.ஏ. பெற்றோர் வழி வருவது. எந்த வகை எவ்வளவு பரவலானது என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறும். நம்மிடையே மிகுந்துள்ள வகைகளுக்கு ஏற்பிகளைத் தேடப்போவது யார்?

படிவம் 4-இல் உயிரியல் எடுக்கத் தயங்கும் தம்பி, தங்கைகளே, அந்த ஆய்வுக்கூடத்தில் உங்களுக்கும் வேலை இருக்கிறது.