ஜிபிஎஸ் மாட்யூலைத் தூங்கவிடுங்கள், அணைத்துவிடாதீர்கள்

பேட்டரியில் ஓடும் கருவியில் ஜிபிஎஸ் மாட்யூலைப் பொருத்துகிறவர்கள் பலரும், இடம் தெரிந்ததும் அதற்குப் போகும் மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் பேட்டரியைக் காலி செய்வதே இதுவாகிவிடுவதுண்டு.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் ஆன்டெனாவை எட்டும்போது இரைச்சலுக்கும் கீழே அமிழ்ந்து கிடக்கும். எந்தச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் இருக்கிறது, அதன் அலைவரிசை எவ்வளவு விலகியிருக்கிறது என்று மாட்யூல் துழாவித்தான் பிடிக்க வேண்டும். மின்சாரம் அதிகம் செலவாவது இந்தத் தேடலில்தான். பிடித்த பிறகும், அந்தச் செயற்கைக்கோளின் துல்லியமான சுற்றுப்பாதைத் தகவலை அதன் சிக்னலிலிருந்து வாங்க வேண்டும். எபிமெரிஸ் எனப்படும் அந்தத் தகவல் விநாடிக்கு 50 பிட் வேகத்தில், 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. மாட்யூல் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த வேகத்தைக் கூட்ட முடியாது.

ஒருமுறை வாங்கிய எபிமெரிஸ் ஏறத்தாழ 4 மணி நேரம் செல்லும். அதையும் சரியான நேரத்தையும் நினைவில் வைத்திருக்கும் மாட்யூல், விழித்த ஓரிரு விநாடிகளில் இடத்தைச் சொல்லிவிடும். இது ஹாட் ஸ்டார்ட். எல்லாம் மறந்துபோனால் கோல்ட் ஸ்டார்ட். திறந்த வெளியிலேயே அரை நிமிடம் பிடிக்கும், மரத்தடியில் இன்னும் இழுக்கும்.

பலரும் வாங்கும் யூ-பிளாக்ஸ் நியோ-6எம் மாட்யூலையே எடுத்துக்கொள்வோம். தொடர்ந்து இயங்கும் முறையில் அது சுமார் 40 மில்லி ஆம்பியர் எடுக்கும். விநாடிக்கொருமுறை இடம் தெரிந்தாக வேண்டிய வண்டிக்கு, இடையிடையே கண்ணயரும் மின்சேமிப்பு முறை உண்டு. வானம் தெளிவாக இருந்தால் செலவு 11 மில்லி ஆம்பியர் அளவுக்கு இறங்கும். பத்து விநாடிக்கு மேல் இடைவெளி விடலாம் என்றால் முழுவதுமாகத் தூங்கி எழும் முறை. அப்போது கடிகாரமும் நினைவகமும் மட்டும் விழித்திருக்கும். அவற்றுக்கு 20 மைக்ரோ ஆம்பியர் அளவே போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் தேவை. ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை வெட்டி, 40 விநாடி கோல்ட் ஸ்டார்ட் செய்தால் பேட்டரி பதினைந்து நாளில் தீரும். நினைவகத்தை உயிரோடு வைத்து, 5 விநாடி மட்டும் விழித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் எபிமெரிஸைப் புதுப்பித்தால், இரண்டு மாதத்துக்கும் மேல் வரும். மற்ற பாகங்களின் செலவு இதில் சேரவில்லை.

வானம் தெரியாத இடம் இன்னொரு பொறி. கிடங்குக்குள் கிடக்கும் மாட்யூல் கிடைக்காத சிக்னலை முழு மின்சாரத்தில் தேடிக்கொண்டே இருக்கும். இத்தனை விநாடி தேடு, கிடைக்காவிட்டால் படுத்துவிடு என்று வரம்பு வைத்தே ஆக வேண்டும்.

மாட்யூலை வாங்கியதும், அதன் கடிகாரத்தையும் நினைவகத்தையும் விழித்திருக்க வைக்கும் வி-பேக்கப் முனைக்கு மின்சாரம் வருகிறதா என்று அளந்து பாருங்கள். அது செத்திருந்தால், வேறு எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.